பிறந்த பிறகும் விசாரித்தவர்

மேடையில் வீற்றிருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, செவிலியர் சங்கத் தலைவி அவர்களே, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, தந்தையரே, என்னோடு வேலை பார்ப்பவர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் ஆய்வகத்துக்காரன். கண்ணாடித் தட்டில் கருவைப் பார்த்துப் பழகியவன். கூட்டத்தைப் பார்த்துப் பேசிப் பழக்கமில்லை. தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் செயற்கைக் கருத்தரிப்பு மையத்தில் இருபத்தோரு ஆண்டுகள் உழைத்த மூத்த செவிலியர், நம் பெரிய சிஸ்டர், மறைந்துவிட்டார். திங்கட்கிழமை அவர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. லீவு போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டோம். புதன்கிழமை கீழ்வீட்டுக்காரர்தான் ஆள் வைத்துக் கதவைத் திறந்தார். மாரடைப்பு. நாம் ஒரு போன் செய்தோமா? நான் செய்தேனா? இல்லை!

ஆனால் அவர் எத்தனை வீடுகளுக்குப் போன் செய்தார்! கர்ப்பம் உறுதியானதும் நம் வேலை முடிந்துவிடும். கை குலுக்கி அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவோம். பெரிய சிஸ்டர் மட்டும் பிரசவத்துக்குப் பிறகு அழைப்பார். "குழந்தை எப்படிம்மா இருக்கு? நல்லா பால் குடிக்குதா? டாக்டர் ஏதாவது சொன்னாரா?" பெரும்பாலான குழந்தைகள் நலம். சில குழந்தைகளுக்கு இதயத்தில் ஓட்டை. சில குழந்தைகளுக்கு உதடு பிளந்திருக்கும். எல்லாவற்றையும் எழுதி வைத்தார்.

ஒரு நாள் ஊழியர் கூட்டத்தில் எழுந்து நின்றார். "இயல்பா உண்டாகிற குழந்தைகளை விட நம்ம குழந்தைகளுக்குப் பிறவிக் குறை வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். சிகிச்சைக்கு முன்னாடியே அதைச் சொல்லிடணும்" என்றார்.

"வர்றவங்களை விரட்டப் பாக்குறீங்களா சிஸ்டர்?" என்றார் அன்றைய நிர்வாகி. மறுவாரமே சிஸ்டருடைய மேசை துணி அடுக்கும் அறைக்குப் பக்கத்தில் போனது. சாப்பாட்டு நேரத்தில் அவர் வந்து உட்கார்ந்தால், எங்களுக்கெல்லாம் திடீரென்று வேலை வந்துவிடும். எனக்கும் வந்தது. ஐந்து ஆண்டுகள் அவர் தனியாகச் சாப்பிட்டார், நண்பர்களே! ஐந்து ஆண்டுகள்!

அந்த நாட்களில்தான் ஒரு பெண் இரண்டு மாதக் குழந்தையோடு வந்து வரவேற்பில் நின்றாள். குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. "நான் போட்டுக்கிட்ட ஊசியாலயா இப்படி ஆச்சு? மாமியார் அப்படித்தான் சொல்றாங்க" என்றாள். நாங்கள் கம்ப்யூட்டரைப் பார்த்தோம். பெரிய சிஸ்டர் எழுந்து வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார்.

"எதனாலன்னு யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாதும்மா. சிகிச்சையா இருக்கலாம். முன்னாடி குழந்தை தங்காததுக்குக் காரணமா இருந்ததே இதுக்கும் காரணமா இருக்கலாம். ஆனா நீ எந்தத் தப்பும் பண்ணல."

"முன்னாடியே ஏன் சொல்லல?"

"சொல்லியிருக்கணும். நாங்க சொல்லல."

அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "சொல்லியிருந்தாலும் இவளைப் பெத்திருப்பேன் சிஸ்டர். ஆனா இப்படித் திக்குமுக்காடி நின்னிருக்க மாட்டேன்."

அறுவை சிகிச்சை நடந்த ஆறு மணி நேரமும் அந்தத் தாயோடு இருந்தவர் யார்? நம் சிஸ்டர். லீவு எடுத்துக்கொண்டு! அந்தப் பெண் குழந்தைதான் அதோ, மூன்றாவது வரிசையில், செருப்பைக் கழற்றிப்போட்டுக் காலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள்.

பிறகு, புதிதாக வந்த தலைமை மருத்துவர் சிஸ்டரின் குறிப்புகளைப் படித்தார். ஒப்புதல் படிவத்தில் ஒரு பக்கம் சேர்ந்தது. இன்று ஒவ்வொரு தம்பதியும் அதைப் படித்துத்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். வருகிறவர்கள் யாரும் ஓடிவிடவில்லை! ஆனால் "நீங்க சொன்னது சரிதான் சிஸ்டர்" என்று அவரிடம் போய் எங்களில் ஒருவராவது சொன்னோமா? வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் நாளைத் தள்ளினோம். நாள் தீர்ந்துவிட்டது.

தலைமை மருத்துவர் அவர்களிடம் அனுமதி கேட்டுவிட்டேன். நாளை முதல் காலையில் ஒரு மணி நேரம் சிஸ்டரின் மேசையில் உட்காருவேன். இந்த மாதம் அவர் அழைக்காமல் விட்டுப்போனவை முப்பத்தொரு வீடுகள். முதல் வீட்டில் இரட்டையர். பிரசவ அறிக்கைப்படி, ஒரு குழந்தைக்குப் பாதம் வளைந்திருக்கிறது. அந்தத் தாயிடம் எப்படிப் பேச ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால், பெரிய சிஸ்டர் அவர்களே, நான் அழைப்பேன்.