அரைச் சுற்று

ஒரு பெண்ணுக்குத் தன்மேல் இருக்கும் நம்பிக்கை பல்லடம் கடைவீதியில் பன்னிரண்டு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நான் பேரம் பேசிப் பத்துக்கு வாங்கினேன். சிவப்பு நகப்பூச்சு, சின்னக் குப்பி.

என் பெயர் சென்னியப்பன். முதலிபாளையம் தொழிற்பேட்டையில் அலுமினியச் சாமான் செய்யும் பட்டறை. அப்பா துணி வியாபாரி. சரக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இல்லாத ஓட்டையைக் காட்டி விலையைக் குறைப்பது எங்கள் குடும்பத்தில் நடை பழகும் முன்பே வந்துவிடும்.

2003இல் அனுசுயா வேலைக்கு வந்தாள். மதுரைப் பக்கத்திலிருந்து அம்மாவோடு இங்கே குடிவந்தவள், மைக்ரோவேவ் அலைப் பொறியியல் படித்தவள். செல்போன் கோபுரத்துத் தட்டு ஆன்டெனாவுக்குப் பின்னால் ஓர் அலுமினியப் பெட்டி இருக்கும். போகிற அலையையும் வருகிற அலையையும் பிரித்து விடுகிற டிப்ளெக்ஸர் அது. முழ நீளப் பெட்டியின் உள்வழியை மடித்து மடித்து உள்ளங்கையில் அடங்க வைத்தாள். மேலே வரிசையாகத் திருகுகள். கருவியைப் பார்த்தபடி திருகுவாள். அலை சரியான இடத்துக்கு வந்ததும், திருகு அசையாமலிருக்கத் தன் நகப்பூச்சில் ஒரு சொட்டு வைப்பாள்.

பெங்களூர் கம்பெனி ஒன்று பெட்டியைச் சோதிக்கக் கேட்டது. தேறினால் அவளுக்கும் அங்கே வேலை. இதை அவளே வந்து சந்தோஷமாகச் சொன்னாள். நல்லதுதானே என்றேன். எல்லோரும் சாப்பிடப் போனதும் பெட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஓட்டை இல்லை. நானே ஒன்று போட வேண்டியதாயிற்று. மூன்றாவது திருகை அரைச் சுற்றுத் தளர்த்தி, அதே சிவப்பில் ஒரு சொட்டு.

பெட்டி தோற்றுத் திரும்பியது.

"வெயிலுக்கு அலுமினியம் விரியுதுண்ணே. என் கணக்குலதான் எங்கயோ தப்பு" என்றாள்.

"பொறுமையாப் பாரு கண்ணு. இங்கிருந்து உன்னைய ஆரு வெரட்டுனா?"

பார்த்தாள். நான்கு வருடம் பார்த்தாள். கம்பெனிகள் மாறின, பெட்டி இன்னும் சிறிதாயிற்று, ஒவ்வொரு தடவையும் நான் அரைச் சுற்று. பிறகு வந்த வேலைகளை அவளே வேண்டாமென்றாள். தப்பான கணக்கை எடுத்துக்கொண்டு எந்த முகத்தோடு போவது என்றாள். கதவை நான் ஒருநாளும் பூட்டியதில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் கிழித்துப் போடச் சொன்ன வரைபடங்களை வைத்து, ஊத்துக்குளியில் தம்பி பட்டறையில் முந்நூறு பெட்டி செய்து வடக்கே விற்றேன். இன்றுவரை ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

போன மாதம் அவள் மேசையைத் துடைத்து வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"முடியலண்ணே. அம்மா வேலை பாக்குற பனியன் கம்பெனிக்கே பிசிறு வெட்டப் போறேன். அங்க தப்பு நடந்தா ஒரு நூலுதான் போகும்."

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். உன்னைப்போல் ஒருத்தி இந்தப் பேட்டையிலேயே கிடையாது என்றுகூடச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

ஆக, சோதனைக்குப் போன பெட்டிகள் ஒன்பது. ஒன்பதிலும் அவள் கணக்கு சரி. ஒன்பதையும் கெடுத்தது நான். பத்தாவதை வரைந்து பாதியில் விட்டுப் போயிருக்கிறாள். அந்த ஒன்று மட்டும் அவள் எனக்குத் தர வேண்டியது.