கீலோரம் அரை அங்குலம்

பழைய கேமராவின் பின்கதவைத் திறந்ததும் முதலில் முகர்ந்து பார்ப்பது என் வழக்கம். கதவு சாத்துகிற இடத்தில் ஒட்டியிருக்கும் கறுப்பு நுரைப்பட்டை மக்கியிருந்தால் லேசான புளித்த வாடை வரும். தொட்டால் விரலில் தார் போல ஒட்டும். அந்த வழியாகத்தான் வெளிச்சம் உள்ளே ஒழுகி ஃபிலிமைச் சுடுகிறது.

என்ன நோய் என்பதைப் படமே சொல்லிவிடும். ஓரத்தில் தீ நாக்கு மாதிரி ஆரஞ்சுக் கறை விழுந்தால் கதவுப் பட்டை. நடுவில் பொட்டு வைத்தாற்போல் வெள்ளைப் புள்ளி விழுந்தால் ஃபிலிமை மறைத்து நிற்கும் ஷட்டர் துணியில் ஊசித்துளை. இருபத்தாறு வருடத்தில் நான் தப்பாகச் சொன்னதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. வேலையில் எனக்குக் கவனக்குறைவு கிடையாது என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

என் மாமனாரின் கேமராவில் முதல் தடவை வெளிச்சம் ஒழுகியது தானாகத்தான். குடும்பமாக நின்ற படத்தில் இடது கோடியில் நின்ற சகலையின் முகம் மட்டும் கறைக்குள் காணாமல் போயிருந்தது. "மாப்பிள்ளை, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று மாமனார் கடைக்குக் கொண்டுவந்தார். கூட ஒரு நண்பர். அவரிடம் என்னைக் காட்டி, "இவரு பெரிய பொண்ணு வீட்டுக்காரர். ரிப்பேர் பார்க்கிறார்" என்றார். பிறகு படத்திலிருந்த ஆரஞ்சுக் கறையைத் தொட்டு, "இதுதான் நம்ம மாப்பிள்ளை. பேங்க்ல இருக்கார்" என்றார்.

நான் கோபப்படவில்லை. உண்மையைத்தானே சொன்னார்.

மக்கிய பட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது ஒட்டினேன். கதவின் கீலோரம், அடிப்பக்கம், அரை அங்குலம் மட்டும் ஒட்டாமல் விட்டுவிட்டேன். கேமராவுக்குள் காட்சி தலைகீழாகவும் இடவலம் மாறியும் விழும். வலதுபக்கக் கீலின் அடியில் ஒழுகினால் படத்தில் வேகுவது இடது மேல்மூலை. அங்கே உயரமான ஆள் நின்றால் முகம். "தம்பி, நீங்க உயரம். அந்தக் கோடியில நில்லுங்க, இல்லேன்னா பின்னாடி இருக்கிறவங்களுக்கு வானம் தெரியாது" என்பேன். சகலை சிரித்துக்கொண்டே போய் நிற்பார். நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இப்படிப் பதினோரு வருடம். அவர் குழந்தை நடக்கப் பழகியது, கடற்கரை, மாமனார் கட்டிய புது வீடு, எல்லாவற்றிலும் கழுத்துக்கு மேல் தீப்பற்றி எரிகிறார். மாமனார் வருடம் தவறாமல் கேமராவைக் கொண்டுவருவார். நான் வருடம் தவறாமல் பட்டை மாற்றுவேன். "வயசான கேமரா மாமா, ஒழுகத்தான் செய்யும்" என்றால், "என்னையா சொல்றீங்க?" என்று சிரிப்பார்.

மாமனார் காலமான பிறகு மாமியாருக்கு மறதி வந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை. தினமும் ஆல்பத்தைக் காட்டச் சொன்னார் டாக்டர். காலையில் மாமியார் ஒவ்வொரு முகமாகத் தொட்டு இன்னார் என்று சொல்வார். என்னைத் தொட்டு, "பெரிய மாப்பிள்ளை" என்பார். கறையைத் தொடாமல் தாண்டிவிடுவார்.

அந்த வீட்டிலேயே இருந்து அவருக்குத் தலை வாரி, கால் பிடித்து, சாதம் ஊட்டிவிட்டவர் சகலைதான். ஒரு நாள் காபி கொண்டுபோன அவரிடம் மாமியார், "தம்பி, ரிப்பேர் முடிஞ்சுதுன்னா கிளம்புங்க. பொம்பளைங்க தனியா இருக்கிற வீடு" என்றாராம். கேட்டு எல்லோரும் சிரித்தோம். சகலையும் சிரித்தார். அடுத்த வாரம் மாமியார் அவர் கையால் மாத்திரை வாங்க மறுத்தார். பிறகு கதவைத் தாழிட்டார். பழைய கல்யாணப் படத்தைக் காட்டினார்கள். "இந்தப் பையன் ஒல்லி. நீங்க தொப்பை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். இப்போது அவர் தூங்கும்வரை சகலை மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறார். மாத்திரை கொடுக்க என்னைக் கூப்பிடுகிறார்கள். ஒரு நாளும் தவறாமல் போகிறேன்.

போன வாரம் கொழுந்தியாள் ஆல்பமும் மாமனாரின் கேமராவுமாகக் கடைக்கு வந்தாள்.

"மாமா, வெளிச்சத்துக்கு எங்க வீட்டுக்காரரை மட்டும் எப்படி அடையாளம் தெரியுது?"

"கோடியில நிக்கிறவங்களுக்குத்தாம்மா இந்தத் தொல்லை."

"அப்ப இனிமே அவர் நடுவுல நிக்கட்டும். அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு. பெரிசாப் போட்டு அம்மா கட்டிலுக்கு எதிர்ல மாட்டப்போறேன். அதுலயும் அம்மாவுக்குத் தெரியலைன்னா தனியா ரூம் எடுத்துப் போயிடறேங்கிறார். பட்டையை என் கண்ணு முன்னாடி ஒட்டுங்க."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, ஒட்டினேன். அரை அங்குலம் என்ன, நூலிழைகூட விடவில்லை. உள்ளே சின்ன பல்பை எரியவிட்டு, கதவைச் சாத்தி, இருட்டறையில் அவளையே சுற்றிப் பார்க்கச் சொன்னேன். ஒரு கீற்று வரவில்லை. "உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன், மாமா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கே சங்கடமாக இருந்தது. லென்ஸைத் துடைத்து நாளைக்குத் தருகிறேன் என்று கேமராவை வைத்துக்கொண்டேன்.

நேற்று நல்ல வெயிலில் படம் எடுத்தாயிற்று. என்னைக் கோடியில் நிறுத்தினார்கள். போய் நின்றேன். இன்று ரோல் கழுவப் போயிருக்கிறது.

கதவுப் பட்டை கச்சிதம். யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். என் மனைவியின் தையல் டப்பாவில் ஓர் ஊசி கிடந்தது. நடுவில் நிற்பவர்களுக்கு என்ன நோய் வரும் என்பதை ஆரம்பத்திலேயே உங்களிடம் சொல்லிவிட்டேன். எதையும் மறைத்துச் செய்கிற ஆள் இல்லை நான்.