தலையணை உறை

துணி துவைப்பதில் என்னைக் குறை சொல்ல எங்கள் வீட்டில் ஆளில்லை, ஐயா. என் மனைவிக்கு சோப்புத்தூள் நெடி ஆகாது, மூச்சு இழுக்கும். அதனால் கல்யாணமான நாள்முதல் துவைக்கிற வேலை என்னுடையது.

தொழிற்சாலையில் கலவைத் தொட்டி என் பொறுப்பு. அங்கே செய்வதை நாங்கள் முத்து என்போம். வாசனை எண்ணெய்த் துளியைச் சுற்றி மெல்லிய ஓடு. கண்ணுக்குத் தெரியாத பொடிசு. மொத்தமாகப் பார்த்தால் பால் மாதிரி இருக்கும். துணியை அதில் அலசினால் இழையில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்தபின் மோந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உரசினால்தான் ஓடு உடையும். உடைந்தது மட்டும் மணக்கும். ஒரு தடவை அலசினால் வாரக்கணக்கில் வரும்.

எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது என் மகள். அதுவும் தலை நரைத்த பிறகு. பீப்பாய்களின் மேலிருப்பதை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். முத்துப் பீப்பாயில், மூச்சுக்கோளாறு உள்ளவர்கள் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று இருந்தது. அவள் சொல்லித்தராவிட்டால் எனக்கு அது தெரிந்தே இருக்காது.

அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. பெட்டி கட்டினாள்.

"ஏம்பா மூஞ்சிய உம்முன்னு வச்சிருக்கீங்க? போனதும் போன் பண்றேன்ல?"

"அவருக்கு என்னடி குறை? திட்டுறதுக்கு நான் ஒருத்தி இருக்கேன்ல" என்றாள் மனைவி. மூவரும் சிரித்தோம்.

மறுநாள் தொழிற்சாலையிலிருந்து கொஞ்சம் முத்து கொண்டுவந்து, மனைவியின் தலையணை உறையை அதில் அலசிக் காயப்போட்டேன். படுக்கும்போது ஒன்றுமில்லை. புரளப் புரள இழுப்பு வந்தது. மகள் பயணத்தைத் தள்ளிப்போட்டாள். அம்மா கொஞ்சம் தேறினால் பெட்டியைத் தூசி தட்டுவாள். நானும் உறையை அலசுவேன். டாக்டர் வீட்டை ஒட்டடை அடிக்கச் சொன்னார். அடித்தேன். மகளின் வெளியூர் வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. மகள் அழுதாள். நான்தான் தேற்றினேன்.

மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே மூச்சு சீரானது, முகம் தெளிந்தது. எனக்கும் சந்தோஷம்தான். மாற்றுப் புடவை எடுக்க வந்த மகள் தலையணையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"இது இல்லாம அம்மாவுக்குத் தூக்கம் வராதுப்பா. உறைய மாத்தணுமா?"

வேண்டாம் என்று தலையணையை வாங்கி வைத்திருக்கலாம். ஏன் என்று கேட்பாள். பிறகு என் முகத்தில் எப்படி விழிப்பாள்?

"எதுக்கும்மா மாத்திக்கிட்டு? நேத்துத்தான் தொவைச்சேன்."

விடிவதற்குள் மனைவி போய்விட்டாள்.

நேற்று விசாரிக்க வந்தபோது அந்த உறையை நீங்கள் கையில் கசக்கி மோந்து பார்த்தீர்கள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அலசியது நான், தெரிந்தேதான் அலசினேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், ஐயா. அதை எடுத்துப்போய் அம்மா தலைக்கு வைத்தது மகள்தான் என்பதை அவளிடம் யாரும் பேச வேண்டாம். பிள்ளை மனம் நோகும்படி நான் இதுவரை எதுவும் செய்ததில்லை.