இடது பக்கத்து பிரேக்

காலைப் பாடம்தான் எனக்குப் பிடிக்கும் அய்யா. ஆறரை மணிக்குத் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் சாலையில் வண்டியைத் திருப்பினால் லாரித் தொல்லை குறைவு, வெயிலும் இருக்காது. பத்தொன்பது வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். இதற்கு முன் என் வண்டி ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை.

காரணம் என் கால். பயிற்சி வண்டியில் இடது சீட்டுக்கும் தனியாக ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறினால் பக்கத்திலிருந்து நான் மிதித்துவிடுவேன். முதல் நாளே எல்லோரிடமும் சொல்வேன், "நீ ரோட்ட பாரு, மீதிய என் காலு பாத்துக்கும்." பிரபாவதியிடமும் அதையேதான் சொன்னேன். அவள் என் மனைவி.

தென்னரசுவை நீங்கள் பிணமாகத்தான் பார்த்தீர்கள். பிரம்மதேசத்திலிருந்து தினம் சைக்கிளில் வந்துபோன டிராயிங் வாத்தியார். சாலையில் ஓரமாகப் போகவே மாட்டார். ஒருநாள் என் ஸ்கூல் வாசலிலேயே மறித்துக் கேட்டேன்.

"ஏன் சார், ரோடு டாக்ஸ் கட்டறவன் நானு. நடுரோட்டுல போய்க்கினு இருக்கறது நீங்களா?"

"அண்ணே, நீங்க கட்டனது காருக்கு. ரோட்ட எழுதியா வாங்கிட்டீங்க? நான் குளிக்கிற சோப்புக்குகூட வரி புடிக்கிறாங்க. அதுக்கு ஒரு சாண் ரோடு தரமாட்டீங்களா?"

உள்ளே மேஜையில் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்த பிரபாவதி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் என் பேச்சுக்கு ஒருமுறைகூட அப்படிச் சிரித்ததில்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. மறைப்பானேன்?

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். சிக்னல், ஹாரன், ஒருவழிப் பாதை என்று நானே அவரை வம்புக்கு இழுப்பேன். அவர் பதில் சொல்வார், இவள் சிரிப்பாள். வேறொன்றும் அவர்களுக்குள் இல்லை. பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டேன். இருந்திருந்தால்கூடத் தேவலை, அடித்துத் துரத்தியிருக்கலாம். சிரிப்பை என்ன செய்வது?

விதிமுறை வகுப்பில், இருபது பேர் முன்னால், "அந்த வாத்தியார் சொல்றதுதானே சரிங்க?" என்றாள். போன மாதம், "நானும் ஒரு சைக்கிள் வாங்கிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"சைக்கிள் எதுக்கு? காரே கத்துக்க" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன்.

மற்றவர்களுக்கெல்லாம் ஆறரை மணிப் பாடம். அவளுக்கு மட்டும் எட்டு மணி வைத்தேன். எட்டேகாலுக்குத் தென்னரசு தன் பள்ளிக்கூடத்துத் தெருவுக்குத் திரும்புவார்.

ஐந்தாம் நாள் அவர் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். வலது கையை முழுசாக நீட்டி, விதிப்படிதான் திரும்பினார். அவரை அடையாளம் கண்டதும் இவள் முகம் மலர்ந்தது. அந்தத் தடுமாற்றத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தாள். புதிதாக ஓட்டுகிறவர்கள் செய்கிற தவறுதான். ஆயிரம் தடவை நான் பிடித்து நிறுத்தியிருக்கிறேன்.

"என்னாங்க, மிதிங்க... மிதிங்களேன்" என்று அலறினாள்.

நான் காலை மடக்கிச் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"உனக்குக் காலு மாறிப்போச்சு, நான் மிதிக்கறதுக்குள்ள ஆயிடுச்சு" என்று பிறகு சொன்னேன். நம்பிவிட்டாள். இனி என் தோளில் சாய்ந்துதானே அழ வேண்டும் என்று நினைத்தேன். அவளோ தினம் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போகிறாள். மாலை போட்ட படத்தின் முன்னால் உட்கார்ந்து, "நான்தான் சார் கொன்னுட்டேன்" என்று மணிக்கணக்கில் அவரோடு பேசுகிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது.

அவளுக்காகத்தான் இங்கே வந்தேன் அய்யா. வழக்கிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடுங்கள். கொன்றது நான். அவருக்கும் அவளுக்கும் நடுவில் இந்தச் சாவுகூட இருக்கக் கூடாது.