காதுக்குள் பேசிய தெலுங்கு

"எங்க அத்தை தெலுங்குல பேசுனதத் தமிழ்லயே கேட்டுட்டேன் ஏட்டி!"

ராஜபாளையத்தில் ஏறிய இரண்டு தோழிகள், என் முன் இருக்கையில் சிரித்துச் சிரித்துப் புரையேறிக்கொண்டிருந்தார்கள். சொன்னவள் ஜன்னலோரத்துக்காரி.

"எங்கவச்சு?"

"நேத்து குடும்பத்தோட மதுரை எக்ஸ்போ போனோம்ல, அங்க. ஏஐ இயர்பட்ஸாம். காதுல மாட்டுனா எந்தப் பாஷையும் தமிழாயிருது. மாட்டிப் பாத்தேன். பின்னால அத்தையும் நாத்தனாவும் குசுகுசுன்னு பேசுதாக. 'இத மட்டும் இவ வாங்கிட்டா நம்ம கத முடிஞ்சுது. அந்தத் திமிரு புடிச்சவள மொதல்ல இங்கருந்து இழுத்துட்டு வா'ன்னு காதுக்குள்ள கேக்குது!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டரும் சிரித்துவிட்டார்.

"வாங்கிட்டியா?"

"வாங்கல. அவிய பாவம், பொறவு எந்தப் பாஷையில என்னைய வைவாக?"

"வாங்காதவ எதுக்கு மாட்டுன?"

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டது. ஜன்னலோரத்துக்காரி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"கல்யாணமான வருசமே எனக்குத் தெலுங்கு வந்துருச்சு, அது அவியளுக்குத்தான் தெரியாது. மெஷின் சரியாச் சொல்லுதான்னு பாத்தேன். சும்மா சொல்லக்கூடாது ஏட்டி, ஒரு வசவைக்கூட விடல!"