பம்பு ஓடாத கடல்

"அந்தமான்ல எவ்ளோ தண்ணி இருக்குது தம்பி, ஒரு பம்புகூட ஓடல!"

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் ஓலைத்தொப்பியோடு இருந்தவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். நிலக்கரி மைன்ஸில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பம்பு அவர் பொறுப்பு; பர்மனென்ட் ஆள். பத்து நாள் லீவு போட்டுத் தீவு பார்த்துவிட்டுத் திரும்புகிறார். முத்தாண்டிக்குப்பத்தில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர் அதே பம்பில் கான்ட்ராக்ட், ஷிப்டுக்குப் போகிறார்.

"பொண்டாட்டி பவளம் பாக்குறா, எனக்கு மைன்ஸ் ஞாபகம்தான். நான் இல்லாம தண்ணி ஏறிடுமோன்னு தூக்கமே வரல. எப்படித்தான் சமாளிச்சீங்க?"

"ஒரு சாண்கூட ஏறலைங்கண்ணே. நான்தான் பாத்துக்கினேன்."

"பத்து நாளுமா? ஒண்டியா கஷ்டப்பட்டுட்டியே!"

"கஷ்டம் என்னாங்கண்ணே, நீங்க டியூட்டில இருக்கிற நாள்லயும் நான்தானே பாத்துக்கினு இருக்கேன்."