கூடுதலாகக் கோத்த பாசி

அவையோரே, தாய்மார்களே, என் வீட்டில் நடந்த ஓர் அநீதிக்கு உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். ஆத்திரப்படாமல் கேளுங்கள். நான் எந்நாளும் நியாயம் பேசுகிறவன்.

பாசிமணி கோக்கும் ஊசி தலைமுடி அளவே இருக்கும். அதில் நூல் கோக்கும்போது என் மனைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவாள். கிட்டப்பார்வைக்காரி, கண்ணருகே இருப்பது வெறுங்கண்ணுக்குத்தான் துலங்கும். அவளை மணித்தையல் வகுப்பில் சேர்த்தவன் நானே. அடுப்படியே பெண்ணின் உலகம் என்பது அடிமைத்தனம் என்று மேடைதோறும் முழங்கியவன், சொன்னதைச் செய்து காட்டினேன்.

அவள் கேலி செய்வாள். "ஊருக்கெல்லாம் விடுதலை வாங்கிக் குடுத்துட்டு வர்றீங்க. எனக்கு ஒரு டம்ளர் டீ போட்டுக் குடுங்க, அது போதும்." போட்டும் கொடுத்திருக்கிறேன்.

ஒருமுறை அவள் காய்ச்சலில் படுத்தாள். பாடம் தவறிவிடுமே என்று புலம்பியதால், அவளுக்குப் பதிலாக நான் போய் அமர்ந்தேன். அத்தனை பெண்களுக்கு நடுவே ஒற்றை ஆண். இப்படியொரு வீட்டுக்காரர் யாருக்கு வாய்க்கும் என்று மெச்சினார்கள். அன்றைய பாடம் செங்கல் அடுக்குத் தையல். கொத்தனார் சுவர் எழுப்புவதுபோல, கீழ்வரிசையின் இரு பாசிகளுக்கு இடையில் மேற்பாசி உட்கார வேண்டும். ஒன்று கூடிவிட்டால் அதற்கு மேல் வருகிற வரிசையெல்லாம் புடைத்துக் கோணும். அதற்காக எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதில்லை. கூடுதல் பாசியின் துளைக்குள் ஊசியைச் செருகி நூலைக் காத்துக்கொண்டு, குறட்டால் அதை நொறுக்கிவிடலாம். கண்ணாடிச் சில்லு தெறிக்கும். ஆகவே மேலே துணியைப் போட்டு மூடி, முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்றார் ஆசிரியை.

வீட்டுக்கு வந்து அனைத்தையும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் நினைவுக்கு வரவில்லை. பின்னர் வந்தது. சொல்லவில்லை.

அவள் செய்த ஆரங்களுக்குப் பேர் கிடைத்தது. நம் ஊர் நகைக்கடைக்கார அம்மாள் ஒருவர், வேறு நகரத்திலுள்ள தம் பட்டறையை அவள் பொறுப்பில் விடுவதாகவும், மாதிரிக்கு ஓர் ஆரம் வேண்டுமென்றும் கேட்டார். என் மனைவி என்னிடம் அனுமதி கேட்கவில்லை, செய்தி சொன்னாள். "நீங்கதானே சொன்னீங்க, பொம்பளை தன் கால்ல நிக்கணும்னு."

சொன்னது உண்மை. என் கண்ணெதிரே நிற்கட்டும் என்ற பொருளில் சொன்னேன். வீட்டைத் துறந்து ஒரு முதலாளிக்காக விரல் தேய உழைப்பதா விடுதலை? சிந்தியுங்கள்.

அவள் குளிக்கப் போயிருந்தபோது, பாதியில் விட்டிருந்த வரிசையை நான் முடித்து வைத்தேன். ஒரு பாசியைக் கூடுதலாகக் கோத்தேன். தானே முடித்ததாக எண்ணி அவள் மேலே தைத்துக்கொண்டு போனாள்.

"என்னங்க, கோணுது பாருங்க. எங்கயோ ஒண்ணு கூடிப்போச்சு."

"குறட்டால உடைச்சிடும்மா. நல்லாக் கிட்ட வச்சுப் பாரு. நூல் அறுந்துட்டா அவ்வளவும் வீண்."

உடைத்தாள்.

ஒரு கண் அன்றே போயிற்று. காயம்பட்டதைத் தொடர்ந்து மற்றதும் மங்கி அணைந்தது. அபூர்வமாக அப்படியும் நேர்வதுண்டு என்றார் மருத்துவர். அது என் எண்ணத்தில் இருந்ததே இல்லை. எனக்கு ஒரு கண்ணே போதுமாயிருந்தது.

இன்று அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஊட்டுகிறேன், தலை வாருகிறேன், வேண்டாம் என்றாலும் டீ போட்டுக் கொடுக்கிறேன். அண்மையில் அந்த ஆரத்தை மடியில் வைத்து விரலால் தடவிக்கொண்டிருந்தாள். ஒரு வரிசையில் விரல் நின்றது.

"இது என் கை இல்லீங்க," என்றாள். "இவ்வளவு இறுக்கி இழுக்க எனக்கு வராது."

ஆரத்தைச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டு, வகுப்பு டீச்சரைப் பார்க்க வேண்டும், கூட்டிப்போங்கள் என்றாள். எங்கள் மாடிப்படி செங்குத்தானது. பார்வையற்றவள் விழுந்துவிடக் கூடாதே என்றுதான் அன்று முதல் கதவைப் பூட்டுகிறேன்.

ஆம், செய்தவன் நான். செய்ய வைத்தது யார்? பெண்ணை வீட்டிலிருந்து பறிக்கும் அந்தக் கடை. எழுந்து வாருங்கள், நாளைக் காலை அதை இழுத்து மூடுவோம். பெண்ணை அடிமையாக்கும் ஓர் இடம்கூட இந்த ஊரில் இருக்கக் கூடாது. போகிற வழியில் என் வீட்டுக் கதவு தட்டப்படும் ஓசை கேட்டால் நிற்காமல் நடங்கள். உள்ளிருந்து தட்டுகிறவள் அவள்தான். சாவி என்னிடம் பத்திரமாக இருக்கிறது.